ஒரு சாண் கழுத்து

அந்த மருத்துவமனையில் தலை இருந்தது, நெஞ்சு இருந்தது, வயிறு இரண்டு மாடிகளில் பரந்து கிடந்தது. கழுத்து மட்டும் இல்லை.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கட்டடம் எழும்பிய புதிதில் மனித உடம்பை மாடி மாடியாகப் பங்கு பிரிக்க ஒரு குழு உட்கார்ந்தது. தலைப் பிரிவின் தலைவர், தாடை எலும்பு வரைக்கும் கொடுத்தால் தனக்குப் போதும் என்றார். நெஞ்சுப் பிரிவின் தலைவரும் பேராசை இல்லாதவர். காறை எலும்புக்கு மேலே தனக்கு ஒரு விரற்கடைகூட வேண்டாம் என்றார். இருவரும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு சாண் விடுபட்டுப்போனதைப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டிய பிறகுதான் யாரோ கவனித்தார்கள். அதற்குள் குழுவின் பதவிக்காலம் முடிந்துவிட்டது.

கழுத்து வலி என்று வருகிறவர்களை என்ன செய்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். 'திருப்புநர்' என்று ஒரு பதவி உருவாக்கப்பட்டது. முன்னாள் மல்யுத்த வீரர் ஒருவர் அந்த வேலையில் அமர்ந்தார். அவருடைய மணிக்கட்டின் பருமனைப் பார்த்து எல்லோரும் அவரை ஸ்பானர் என்று கூப்பிட்டார்கள். நோயாளியின் தலையை இரு கையாலும் பிடித்து இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை, எலும்பு சொடக்குகிற வரைக்கும் திருப்புவார். திரும்பினால், "கழுத்து திரும்புகிறது, ஆகவே கழுத்தில் குறை இல்லை" என்று சான்றிதழ் அடித்துக் கொடுப்பார்கள். அவர் கைக்குத் திரும்பாத கழுத்து இதுவரை பிறக்கவில்லை.

இது எதுவும் தெரியாமல்தான் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு ஹோஸ்காரர் தன் மைத்துனனைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலுக்கு வந்தார்.

ஹோஸ்காரருக்கு லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை. பிரேக் ஹோஸ் மாற்றுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மைத்துனன், அதாவது அவர் மனைவியின் தம்பி, சரக்கு வேன் ஓட்டுகிறவன். வயது முப்பத்து நான்கு. கை ஸ்டியரிங்கிலும் வாய் ஊர்வம்பிலும் இருக்கும். "டேய், வாயை மூடுடா" என்று அவன் அக்கா சொல்லாத நாள் இல்லை.

அந்த வாய்தான் திங்கட்கிழமை பெட்ரோல் பங்க்கில் வம்பை வாங்கியது. வரிசையில் குறுக்கே நுழைந்த லாரிக்காரனைப் பார்த்து, "அண்ணே, லாரியை ஓட்டுறீங்களா, மேய்க்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறான். லாரிக்காரன் இறங்கி வந்து, வேன் ஜன்னலுக்குள் கையை விட்டு, அவன் கழுத்தை முழங்கை மடிப்பில் பூட்டி, பாதி உடம்பை வெளியே இழுத்து, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு திருகு திருகினான். மைத்துனனும் சும்மா விடவில்லை. கைக்கு அகப்பட்ட தகர டின்னால் அவன் வாயில் ஓங்கி ஒன்று கொடுத்தான். இரண்டு பல் தார்த்தரையில் உருண்டன. பங்க் ஆட்கள் விலக்கிவிட்டார்கள். மைத்துனன் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வெற்றி தனக்குத்தான் என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தான், இடது கழுத்தைப் பிடித்துக்கொண்டே.

நான்காம் நாள் காலையில் அவனுடைய இடது இமை பாதி இறங்கியிருந்தது. அந்தக் கண்ணின் பாப்பாவும் வலது கண்ணின் பாப்பாவைவிடச் சிறியதாக, குத்தூசி முனை மாதிரி இருந்தது.

"என்ன மாப்ள, காலங்காத்தால யாருக்குக் கண்ணடிக்கிற?"

"மாமா, விளையாடாத. பாதித் தலை விண்ணு விண்ணுங்குது. காதுக்குள்ள எவனோ பம்ப் வச்சுக் காத்தடிக்கிறான். வுஷ், வுஷ்னு. என் நாடியும் அவனும் ஒரே தாளத்துல."

ஹோஸ்காரர் சிரிப்பதை நிறுத்தினார். மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எஞ்சினில் எங்கே கோளாறு என்று தெரியாவிட்டால், ஸ்குரூ டிரைவரின் முனையை இரும்பில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். இங்கே அவர் ஸ்குரூ டிரைவர் இல்லாமலே மைத்துனனின் இடது தாடைக்குக் கீழே காதை வைத்தார். உள்ளே சீறியது. நெஞ்சு துடிக்கத் துடிக்க, ஒரு குறுகிய சந்தில் ஏதோ முட்டி மோதிக்கொண்டு போகிற சத்தம். அந்தச் சத்தத்தை அவர் இருபது வருடமாக அறிவார்.

பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற அந்த ஹோஸ் ஒரே ரப்பர் இல்லை. உள்ளே வழவழப்பான ஒரு தோல், நடுவில் பலத்துக்கு ஒரு நூல் பின்னல், வெளியே தடித்த ஒரு தோல். யாராவது அதை முறுக்கினால் வெளித்தோலுக்கு ஒன்றும் ஆகாது. பளபளவென்று புதுசு போலவே இருக்கும். உள்தோல் மட்டும் கிழியும். கிழிந்த இடத்தில் எண்ணெய் புகுந்து இரண்டு அடுக்குக்கும் நடுவே தேங்கி உள்தோலை வீங்க வைக்கும். கிழிந்த நுனி நாக்கு மாதிரி தொங்கி வழியை அடைக்கும். அந்த நாக்கில் பிசுக்கு படியும். ஒரு நாள் அந்தப் பிசுக்கு பிய்த்துக்கொண்டு போய் வேறெங்காவது சின்ன ஓட்டையில் உட்காரும். அன்றைக்கு லாரி நிற்காது, அல்லது கிளம்பாது.

"உனக்கு உள்தோல் கிழிஞ்சிருக்கு மாப்ள. வா, ஆஸ்பத்திரிக்கு."

"நான் என்ன லாரியா?"

"லாரின்னா நானே மாத்திடுவேன்டா. நீ லாரி இல்லங்கறதுதான் பிரச்சினை."

அக்காக்காரி வாசல் வரைக்கும் வந்தாள். "தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க அந்த ஒர்க்‌ஷாப்லயே படுத்துக்குங்க" என்று கணவரிடமும், "அங்க போய் டாக்டருங்ககிட்ட வாய் நீட்டாதடா" என்று தம்பியிடமும் சொன்னாள்.

வாசலில் காவலாளி தடியை நீட்டினார். "அவசரமா, சாதாரணமா?"

"அவசரம்."

காவலாளி மைத்துனனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "நடந்து வர்றார்."

"நடக்கறதுக்கும் கழுத்துக்கும் என்னங்க..."

"அவசரம்னா தூக்கிட்டு வரணும். நடந்து வந்தா சாதாரணம்." சொல்லிக்கொண்டே, பின்னால் நெருக்கியடித்த ஒரு கிழவரின் முழங்காலில் தடியால் ஒரு தட்டு தட்டினார். கிழவர் சரிந்தார். "பாருங்க, இவர் அவசரம். உள்ள விடுங்க."

காயப் பிரிவின் ஜன்னலில் ஒரு எழுத்தர் இருந்தார். அவருக்கு முன்னால் மண்டை பிளந்த ஒருவன் நின்றுகொண்டிருந்தான். படிவத்தில் அவன் ரத்தம் சொட்டுவதை எழுத்தர் ரசித்துப் பார்த்தார். "இந்த மாதிரி வந்தா எங்களுக்கு வேலை சுலபம்" என்று அவனைப் பாராட்டி அனுப்பிவிட்டு, மைத்துனனிடம் கேட்டார்:

"ரத்தம் எங்க?"

"உள்ள இருக்குங்க."

"எல்லாருக்கும் உள்ளதான் இருக்கு. வெளிய வந்தது எங்க?"

மைத்துனன் ஹோஸ்காரர் பக்கம் திரும்பினான். "மாமா, மூக்குல ஒண்ணு விடு. சின்னதா. உன்னோட ரொம்ப நாள் ஆசைதானே?"

ஹோஸ்காரர் உண்மையிலேயே கையை மடக்கினார். எழுத்தர் பேனாவால் தடுத்தார். "வளாகத்துக்குள்ள நடந்த காயம் இங்க செல்லாது. தவிர, மூக்கு தலைப் பிரிவு."

அடுத்த ஜன்னல் பக்கவாதப் பிரிவு. ஹோஸ்காரர் இமையைக் காட்டினார், பாப்பாவைக் காட்டினார், காதுக்குள் அடிக்கிற பம்ப்பைச் சொன்னார். கழுத்துக் குழாய் கிழிந்தால் மூளைக்கு ரத்தம் நிற்கும் அல்லவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அங்கிருந்த பெண் கனிவோடுதான் பேசினாள்.

"வயசு?"

"முப்பத்தி நாலு."

"பக்கவாதம் அம்பத்தஞ்சுல ஆரம்பிக்குது சார். இருபத்தோரு வருஷம் கழிச்சு வாங்க. இப்பவே டோக்கன் போட்டுத் தரவா?"

தலைப் பிரிவில் ஒரு பணியாளர் கறுப்பு மார்க்கரை எடுத்து, மைத்துனனின் தாடையோரமாகக் காதிலிருந்து காது வரை கோடு போட்டார். "வலி கோட்டுக்கு மேலயா, கீழயா?"

"கீழ ஆரம்பிச்சு மேல போகுது."

"ஆரம்பிக்கிற இடம்தான் கணக்கு. நெஞ்சுப் பிரிவு."

நெஞ்சுப் பிரிவில் சிவப்பு மார்க்கர். காறை எலும்பு மேலே தோளிலிருந்து தோள் வரை இன்னொரு கோடு. "வலி கோட்டுக்குக் கீழயா?"

"மேல."

"தலைப் பிரிவு."

இரண்டு கோடுகளோடு மைத்துனன் கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்துக்கொண்டான். "மாமா, பிளாட் போட்டு விக்கப் போறானுங்களா?"

மூன்றாவது முறை தலைப் பிரிவுக்குப் போனபோது ஒருவர் இரக்கப்பட்டார். "சான்றிதழ் வாங்காம அலையிறீங்களே! திருப்புநர்கிட்ட போங்க, அஞ்சு நிமிஷ வேலை." சான்றிதழ் என்றதும் ஹோஸ்காரர் ஏதோ படிவம் என்றுதான் நினைத்தார். பேனா வாங்க மேசைப் பக்கம் திரும்பினார். அந்த ஒரு நொடியில் ஸ்பானர் வேலையை முடித்துவிட்டார். இடப்பக்கம் ஒரு சொடக்கு. வலப்பக்கம் ஒரு சொடக்கு. மைத்துனன் மாடு போல ஒரு குரல் எழுப்பினான்.

"அய்யய்யோ, விடுங்க! முறுக்கக் கூடாதுங்க!" ஹோஸ்காரர் பாய்வதற்குள் சான்றிதழில் முத்திரை விழுந்துவிட்டது. அப்போது மணி பத்து ஐம்பது.

நடைபாதை பெஞ்சில் மைத்துனனை உட்கார வைத்தார். "எப்படிடா இருக்கு?"

"அவன் கையில ஒரு... ஒரு..." மைத்துனன் நிறுத்தினான். "அந்த... மஞ்சள்... நாற்காலி..."

"என்னடா சொல்ற?"

"மா... ஜன்னல். ஜன்னல்." வார்த்தை தப்பாக வருகிறது என்று அவனுக்கே தெரிந்தது. கண்ணில் பயம் வந்தது. சான்றிதழ் வலது கையிலிருந்து நழுவியது. அதை எடுக்கக் குனிந்தான். வலது கை வரவில்லை. அது தன்னுடைய கைதானா என்பது போல அதைப் பார்த்தான். வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. அவனுடைய முப்பத்து நான்கு வருட வாழ்க்கையில் முதல்முறையாக, கேலி செய்ய வார்த்தை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

பிசுக்கு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இடது குழாய் ஊட்டுவது மூளையின் இடது பாதியை. இடது பாதி நடத்துவது வலது கையையும், பெரும்பாலான மனிதர்களுக்குப் பேச்சையும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது ஹோஸ்காரருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உள்ளே அடைத்துக்கொண்டது, அடைத்த நிமிடத்திலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ஏதோ ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது. அவன் பேச்சை முழுசாகத் திருப்பிக்கொண்டு போகாமல் அவன் அக்கா முகத்தில் முழிக்க முடியாது.

கீழே கிடந்த சான்றிதழைப் பொறுக்கி, மைத்துனனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்த நெஞ்சுப் பிரிவுக்கு ஓடினார். அங்கே சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இது தலைப் பிரிவுக்காக வாங்கினது. எங்களுக்குத் தனியா வாங்கணும்." ஸ்பானர் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

ஹோஸ்காரரின் பேன்ட் பையில் எப்போதும் ஒரு முழ ஹோஸ் துண்டு இருக்கும், அளவு பார்ப்பதற்காக. ஒரு முனையில் பித்தளை நட்டு. அவர் வாழ்நாளில் யாரையும் அடித்தது கிடையாது. போல்ட்டைக்கூடத் தடவித்தான் கழற்றுவார். இப்போது அந்தத் துண்டு தானாக வெளியே வந்தது. ஸ்பானரின் இரண்டு கையும் மைத்துனனின் காதுகளைத் தொட்டபோது, பித்தளை நட்டு அவருடைய மணிக்கட்டில் இறங்கியது. சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்டது. எலும்பு சொடக்கும் சத்தத்தை ஸ்பானர் முதல்முறையாகத் தன் பக்கத்திலிருந்து கேட்டார்.

"இன்னொரு தடவை அவன் கழுத்துல கை வச்ச, கையைக் கழட்டி உன்கிட்டயே குடுத்துடுவேன்!"

மணி அடித்தது. காவலாளிகள் நான்கு பேர் ஓடிவந்து ஹோஸ்காரரைத் தரையில் அழுத்தி, முதுகில் ஒருவரும் காலில் மூவரும் உட்கார்ந்தார்கள். மருத்துவமனையில் யாரையாவது அடித்தால்தான் பெரியவர்கள் வருவார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இரண்டு பிரிவுத் தலைவர்களும் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஊழியர்கள் அவர்களைத் தலைத்தலைவர், நெஞ்சுத்தலைவர் என்றுதான் சொல்வார்கள். இருவருக்கும் பொதுவாக நடைபாதைத் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டார்கள்.

"கழுத்துன்னு கத்துறது யாரு?" என்றார் தலைத்தலைவர். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. பதவிக்கு இளையவர், குரலுக்கு மூத்தவர். "இந்த ஆஸ்பத்திரியில இத்தனை வருஷத்துல ஒரு கழுத்து நோயாளிகூடச் செத்ததில்ல. தெரியுமா? ஏன்னா ஒரு கழுத்து நோயாளியைக்கூட நாங்க பதிவு செஞ்சதில்ல. இதைவிட நல்ல கணக்கை எந்த ஆஸ்பத்திரியாவது காட்டட்டும்!"

"நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன்," என்று நெஞ்சுத்தலைவர் தொட்டுக் காட்டினார். "அதைத் தொட எனக்கு அதிகாரம் இருக்கு. நோயாளி குணமாகறது முக்கியம்தான். ஆனா எங்க குணமாகறார்ங்கறது அதைவிட முக்கியம்."

தரையில் கன்னம் நசுங்கக் கிடந்த ஹோஸ்காரர் கேட்டார்: "ஐயா, ஒண்ணே ஒண்ணு. நெஞ்சுல கிளம்பித் தலைக்குப் போற ரத்தக் குழாய் யாரோடது?"

"கிளம்பற இடம் அவரோடது" என்றார் தலைத்தலைவர்.

"போய்ச் சேர்ற இடம் இவரோடது" என்றார் நெஞ்சுத்தலைவர்.

"அப்ப நடுவுல கிழிஞ்சா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சட்டம் போட்ட படத்தில் கைகுலுக்கியதற்குப் பிறகு அவர்கள் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"உங்க குழாய் சரியா இல்லாம என் மூளை ஏன் அடைக்கணும்?"

"ஓ! என் ரத்தத்தை உறிஞ்சியே வளர்ந்த பிரிவு, என்னையே கேள்வி கேக்குதா?"

"கோட்டைத் தாண்டாதீங்க."

"தாண்டினா?"

தாண்டினார். தலைத்தலைவர் கையிலிருந்த தடித்த கோப்பு நெஞ்சுத்தலைவரின் மூக்கில் குறுக்காக இறங்கியது. நெஞ்சுத்தலைவர் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கிச் சிலம்பம் போல ஒரு சுற்றுச் சுற்றினார். பாட்டில் உடைந்தது. தலைப் பிரிவு ஊழியர்கள் தங்கள் தலைவருக்காகவும் நெஞ்சுப் பிரிவு ஊழியர்கள் தங்கள் தலைவருக்காகவும் கோட்டின் மேல் மோதிக்கொண்டார்கள். ஒருவர் இன்னொருவர் காதைக் கடித்தார், கடிபட்டவர், "காது எங்களுது! எங்க சொத்து!" என்று அலறினார். ஸ்டேப்ளர் பறந்தது. மூத்த எழுத்தர் ஒருவர் ரப்பர் ஸ்டாம்பால் எதிரியின் நெற்றியில் குத்தியதில் 'பெறப்பட்டது' என்று ஊதா நிறத்தில் பதிந்தது. காவலாளிகள் ஹோஸ்காரரின் முதுகை விட்டு எழுந்து எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் அடித்தார்கள். அன்று காயப் பிரிவின் ஜன்னலுக்கு ரத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லாம் வளாகத்துக்குள் நடந்த காயம், ஒன்றும் செல்லாது.

கடைசியாக நெஞ்சுத்தலைவர் பின்னாலிருந்து பாய்ந்து, தலைத்தலைவரின் கழுத்தை முழங்கை மடிப்பில் பூட்டினார். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு திருகு.

ஹோஸ்காரர் இதைப் பார்த்தார். ஆனால் அதற்குள் யாரோ அவர் தோளைத் தொட்டார்கள்.

ஸ்கேன் அறையைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி. எல்லோரும் அவரைப் படக்காரம்மா என்பார்கள். சக்கரக் கட்டிலில் மைத்துனனை ஏற்கெனவே ஏற்றியிருந்தார்.

"எப்ப பேச்சு போச்சு?"

"பதினோரு மணிக்கு முன்னாடி."

"தள்ளுங்க. ஓடுங்க."

ஸ்கேன் அறையில் படக்காரம்மா கட்டங்கள் போட்ட ஒரு தாளைக் காட்டினார். தலைக்கு ஒரு கட்டம், நெஞ்சுக்கு ஒரு கட்டம். "கழுத்துக்குக் கட்டம் கிடையாது. தலைன்னு டிக் போடுறேன்." மைத்துனனின் கை நரம்பில் ஊசி ஏற்றினார், ரத்தக் குழாய்கள் படத்தில் வெள்ளையாகத் தெரிவதற்கான மருந்து. பிறகு, படம் தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டும் வெளிச்சக் கோட்டை, தாடையிலிருந்து ஒரு சாண் கீழே இறக்கி வைத்தார். "கை தவறிடுச்சுன்னு எழுதிக்கறேன். பன்னெண்டு வருஷமா தவறாத கை."

திரையில் வலது குழாய் ஒரே பருமனாக நேரே ஏறியது. இடது குழாய் கொஞ்ச தூரம் ஏறி, அணையப்போகிற மெழுகுவத்திச் சுடர் போலக் கூம்பி, நூலாகி, இல்லாமல் போயிற்று. கூம்பிய இடத்தில் குழாயின் சுவருக்குள்ளேயே பிறை போல ரத்தம் தேங்கியிருந்தது.

"உள்தோல்," என்றார் ஹோஸ்காரர்.

படக்காரம்மா திரும்பிப் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"பிரேக் ஹோஸ்."

"ஒண்ணுதான்."

அவர் படத்தின் மூலையில் இருந்த பிறந்த தேதியை அழித்தார். பக்கவாதப் பிரிவின் உள் அறையில் ஒரு மருத்துவர் மட்டும் சண்டைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இவருக்கு வயசு என்ன?"

"படத்துல இல்ல சார்," என்றார் படக்காரம்மா.

மருத்துவர் அவரை ஒரு கணம் பார்த்தார். "அப்ப நானும் கேக்கல. கழுத்துல அடி, ஒரு பக்க வலி, இமை இறக்கம். இந்த வயசுல பக்கவாதம் வந்தா முதல்ல பாக்க வேண்டிய இடமே இதுதான். ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து ஏத்தணும், உடனே."

மணி பன்னிரண்டு பத்துக்கு மருந்து ஏறத் தொடங்கியது. சாயங்காலம் மைத்துனனின் வலது கை விரல்கள் போர்வையைப் பிடித்தன. வாய் நேரானது. வார்த்தை மட்டும் வரவில்லை. அக்காக்காரி கட்டிலோரம் உட்கார்ந்து, "பேசுடா, ஏதாவது பேசித் தொலைடா" என்று கெஞ்சினாள். அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

மூன்றாம் நாள் தலைத்தலைவர் வார்டைப் பார்வையிட வந்தார். பின்னால் கட்டுப் போட்ட மணிக்கட்டோடு ஸ்பானர். தலைத்தலைவர் இடது காதை அடிக்கடி விரலால் அடைத்து அடைத்து எடுத்தார். ஹோஸ்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"ஐயா, உங்க இடது இமை இறங்கியிருக்கு."

"தூக்கம் சரியில்ல."

"காதுக்குள்ள வுஷ் வுஷ்னு யாராவது காத்தடிக்கிறாங்களா?"

தலைத்தலைவரின் முகம் சுண்ணாம்பானது. "யார் சொன்னா?"

ஸ்பானர் கடமை தவறாதவர். கழுத்துப் புகார் என்றால் விதிப்படி செய்ய வேண்டியதைச் செய்ய, ஒற்றைக் கையோடே முன்னால் வந்தார். தலைத்தலைவர் அலறிக்கொண்டு ஹோஸ்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். ஹோஸ்காரரின் கை பேன்ட் பைக்குப் போனது. ஸ்பானர் அந்தப் பையைப் பார்த்தார், தன் மணிக்கட்டைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

இவரையும் ரத்தம் எங்கே என்று கேட்கட்டும், பதினோரு வருஷம் கழித்து வரச் சொல்லட்டும் என்று ஹோஸ்காரருக்கு ஒரு கணம் தோன்றாமல் இல்லை. ஆனால் கிழிந்த ஹோஸைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவருக்குத் தெரியாது.

"யாரும் கழுத்தைத் தொடக் கூடாது. படம் எடுங்க."

"படக்காரம்மா..." என்றார் தலைத்தலைவர், முதுகுக்குப் பின்னாலிருந்து. "படக்காரம்மாவைக் கூப்பிடுங்க."

"அவங்களை வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்கீங்களே ஐயா. ஒரு சாண் அத்துமீறினதுக்கு. கையெழுத்து உங்களோடது," என்றார் ஹோஸ்காரர்.

கார் அனுப்பி அவரை அழைத்து வந்தார்கள். அந்தக் கை மறுபடியும் ஒரு சாண் தவறியது. நேரத்தோடு கண்டுபிடித்ததால், ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரையோடு தலைத்தலைவர் தப்பித்தார். கை, கால், பேச்சு எல்லாம் அப்படியே இருந்தன. குறிப்பாகப் பேச்சு.

மூன்று மாதம் கழித்துக் கழுத்துப் பிரிவு திறக்கப்பட்டது. நோயாளி சார்பில் மைத்துனனை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பேச்சுப் பயிற்சியில் அதுவரை அவனுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை வந்திருந்தது, 'மா' வந்திருந்தது. அவ்வளவுதான். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் ஹோஸ்காரர்.

தலைத்தலைவர் கத்தரிக்கோலோடு மேடையில் நின்றார். "கழுத்துக் குழாய் கிழிசலை இந்த ஆஸ்பத்திரியில முதன்முதலா கண்டுபிடிச்சது நான்தான். என் கழுத்துலயே கண்டுபிடிச்சேன்! இனிமே எந்த நோயாளியும் அலைய வேண்டாம். இடது கழுத்து மூணாவது மாடி. வலது கழுத்து பக்கத்துக் கட்டடம். பின்கழுத்துக்கு ஒரு குழு போட்டிருக்கோம். எந்தக் கழுத்துன்னு முடிவு பண்ணிச் சான்றிதழ் குடுக்க, அனுபவசாலி ஒருத்தரைத் தலைமைத் திருப்புநரா உயர்த்தியிருக்கோம்."

ஸ்பானர் எழுந்து கும்பிட்டார். மணிக்கட்டு நன்றாக ஆறியிருந்தது. படக்காரம்மா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்; அவருக்கு நாற்காலி போடவில்லை. கத்தரிக்கோல் ரிப்பனைத் தொட்டது. மண்டபம் அமைதியானது.

அந்த அமைதியில் முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. திக்கல் இல்லை, திணறல் இல்லை. லாரி ஹாரன் மாதிரி முழுசாக.

"கட்டைல போறவனுங்களா! ஆளை முறுக்கிக் கொன்னுட்டு ரிப்பனாடா வெட்டுறீங்க?"

வெளியே வந்த வார்த்தையைக் கண்டு மைத்துனனே மிரண்டு வாயைப் பொத்திக்கொண்டான். அக்காக்காரிக்குப் பழக்கத்தில் "வாயை மூடுடா" நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெளியே வரவில்லை. அவன் கையை வாயிலிருந்து பிடுங்கி எறிந்தாள். கண்ணிலிருந்து கொட்டியது.

"இன்னொரு தடவை சொல்லுடா தம்பி!"

தலைத்தலைவர் ஒரு வினாடிதான் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்து, "பேச்சு வந்துடுச்சு! பிரிவோட முதல் வெற்றி!" என்று கைதட்டினார். மண்டபமே கைதட்டியது. ஓர் எழுத்தர் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த பலகையில், 'குணமடைந்தோர்' என்பதற்கு நேரே ஒன்று என்று எழுதினார்.

மைத்துனன் நாற்காலியின் கையை வலது கையால் இறுகப் பிடித்து எழுந்து நின்றான். அக்கா கேட்டபடியே இன்னொரு தடவை சொன்னான். இந்த முறை பிரிவு பிரிவாக.